பாலூ தம்பி: தடித்த தமிழ் எழுத்தில் வெள்ளையைக் காப்பாற்றுவது

குண்டாக, மொழுமொழுவென்று, முனை மழுங்கி இருக்கும் எழுத்துக்குத் தேவை எப்போதும் உண்டு. மிட்டாய்ப் பொட்டலம், பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ், சமையல் சேனலின் தம்ப்நெயில், ஐஸ்கிரீம் வண்டி என்று எல்லா இடத்திலும் அதைத்தான் தேடுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்த வேலையை கூப்பர் பிளாக் 1922-லிருந்து செய்துவருகிறது. சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த அந்த எழுத்து இன்றும் கடைப் பலகைகளில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. தமிழில் இலவசமாக, யூனிகோடில், பல வெயிட்களில் (தடிமன் படிகளில்) கிடைக்கும் குண்டு எழுத்து எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது பாலூ தம்பி 2.

மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவின் வெளியீடு இது. பாலூ என்பது தேவநாகரிக்கு வைத்த பெயர். மற்ற மொழிகளுக்குப் போகும்போது அந்தந்த ஊரில் கூப்பிடுகிற உறவுப் பெயரை ஒட்டிக்கொள்கிறது: மலையாளத்தில் பாலூ சேட்டன், தெலுங்கில் பாலூ தம்முடு, பஞ்சாபியில் பாலூ பாஜி, வங்காளத்தில் பாலூ தா. தமிழ் வடிவங்களை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். முதலில் வந்த பாலூ தம்பியில் ஒரே ஒரு வெயிட்தான் இருந்தது. பின்னால் வந்த 2-ஆம் பதிப்பில் ரெகுலர் (400), மீடியம், செமிபோல்ட், போல்ட், எக்ஸ்ட்ராபோல்ட் (800) என்று ஐந்து. எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் இருப்பதால் பொட்டலத்திலோ, செயலியிலோ, விளம்பரத்திலோ பணம் கட்டாமல் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் இதை இறக்கி, பெரிதாக அடித்து, சிவப்பு வண்ணம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. தடித்த எழுத்தைப் பார்க்கிறவர்கள் கறுப்பைத்தான் கவனிக்கிறார்கள். வரைகிறவரும் பயன்படுத்துகிறவரும் கவனிக்க வேண்டியது எழுத்துக்குள் கோடுகளுக்கு நடுவே மிஞ்சுகிற வெள்ளையை. அதை உள்வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். போஸ்டரிலும் பலகையிலும் திரையிலும் குண்டு எழுத்து கெட்டுப்போகிற இடங்களை எடுத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் அந்த உள்வெள்ளையை அடைத்திருப்பார்.

தடிமனைத் தீர்மானிப்பது ண

தமிழில் தடித்த எழுத்து வரையப் புதிதாக வருகிறவர்கள் ட, ப, ம என்று எளிதானவற்றில் தொடங்குகிறார்கள். ட-வில் ஒரு நிற்கிற கோடு, ஒரு படுத்த கோடு. எவ்வளவு தடிமன் கொடுத்தாலும் தாங்கும். அந்தத் தெம்பில் கோட்டின் தடிமனை முடிவு செய்துவிட்டு ண-வுக்கு வரும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். ண-வின் நடுவே இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஐந்தாறு இடங்களில் மை குறுக்கிடும். ஆங்கிலத்தில் மிக நெருக்கமான சின்ன எம்-மில்கூட மூன்றே இடம்தான்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. எழுத்துருவை 1000 அலகுச் சதுரத்தில் வரைகிறோம். நிற்கிற கோட்டின் தடிமன் 140 அலகு, ண-வில் அப்படி ஐந்து கோடு, நடுவே நான்கு உள்வெள்ளை தலா 80 அலகு என்று வைத்தால் 700-ம் 320-ம் சேர்ந்து 1020. எழுத்தின் அகலம் சதுரத்தையே தாண்டிவிடுகிறது. ட-வுக்கு 550 போதும். இரண்டும் ஒரே சொல்லில் வந்தால், 'கண்டேன்' போல, ஒன்று ரயில்பெட்டி மாதிரி நீளும், இன்னொன்று ஒடுங்கி நிற்கும். அகலத்தைக் குறைக்க ஒரே வழி, ண-வின் கோடுகளை மட்டும் கொஞ்சம் இளைக்க வைப்பது. ட-வில் 140 என்றால் ண-வில் 120, ணூ-வில் அதற்கும் கீழே. கண்ணுக்கு இரண்டும் ஒரே தடிமனாகவே தெரியும், ஏனென்றால் கண் பார்ப்பது கோட்டின் அகலத்தை மட்டுமல்ல, அந்த இடத்தில் மொத்தமாக எவ்வளவு கறுப்பு இருக்கிறது என்பதையும்தான். ஆகவே ண, ஞ, இ, ஐ, ஷ, ஜ ஆகியவற்றை முதலில் வரைந்து, அவை தாங்கும் உச்சத் தடிமனைக் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து ட-வுக்கு இறங்கி வருவதே புத்திசாலித்தனம்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. தமிழில் எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் பல இடங்களில் ஒரு சின்னச் சுழியில்தான் தொங்குகிறது. ண-வின் ஒரு சுழி அடைபட்டால் அது ன. 'மணமகள்' அழைப்பிதழில் 'மனமகள்' ஆகிவிடுவாள். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் நடுவே இருப்பதும் ஒரு சுழிதான். அது மூடிக்கொண்டால் 'கொடை'யும் 'கோடை'யும் ஒன்று, 'பெறு'வும் 'பேறு'ம் ஒன்று. எ-வையும் ஏ-வையும் பிரிப்பது காலடியில் ஒரு சாய்கோடு. எல்லாவற்றையும்விட மோசமான ஜோடி துணைக்காலும் ர-வும். ர-வின் அடியில் இடப்பக்கமாக இறங்கும் சாய்வால்தான் அதைத் துணைக்காலிலிருந்து பிரிக்கிறது. மெல்லிய எழுத்தில் அது தெளிவாக நிற்கும். தடித்து, முனையையும் உருட்டிவிட்டால், அந்த வால் ஒரு சின்னப் புடைப்பாகச் சுருங்கிவிடும்.

குண்டு எழுத்துரு எதை வாங்கினாலும், இறக்கினாலும், கீழ்க்கண்ட சொற்களை அதில் அடித்துச் சின்னதாக்கிப் பார்ப்பது நல்லது: காரணம், மாநகராட்சி, ராரா, மணம் மனம், கொடை கோடை, எறு ஏறு, ஒளவையார் ஔவையார், ஞாயிறு, ஐஸ், அஃது. கடைசிச் சொல் ஆய்தத்துக்காக. மூன்று புள்ளியும் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறதா என்று அதில் தெரியும். எட்டடி தள்ளி நின்று, அடுத்த சொல்லின் துணை இல்லாமல், ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்க முடிகிறதா என்பதே கேள்வி. வாக்கியத்துக்குள் வைத்தால் மூளை ஊகித்துவிடும், சோதனை பலிக்காது.

உருட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளி மூலைகளைத் தாராளமாக உருட்டலாம். விளையாட்டுத்தனம் வருவதே அங்கிருந்துதான். உள்மூலைகளையும் அதே அளவு உருட்டினால் உள்வெள்ளை சின்னச் சின்ன முட்டைகளாகி, அளவு குறையும்போது முதலில் மறையும். வெளியே மொழுமொழு, உள்ளே கொஞ்சம் கூர்மை. அப்படி வைத்தால் அதே தடிமனில் உள்வெள்ளைக்கு இடம் கூடுகிறது. இரண்டு கோடுகள் சேருமிடத்திலும் (க-வின் நடுச்சுழி நிற்கிற கோட்டைத் தொடும் இடம் நல்ல உதாரணம்) மை தேங்கிக் கரும்புள்ளியாகத் தெரியும். அங்கே ஒரு கோட்டை 20, 30 அலகு மெலிய வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

புள்ளி தனிக்கதை. அதன் விட்டம் கோட்டின் தடிமனுக்குச் சமமாக இருந்தால் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், ஏனென்றால் வட்டத்தின் நாலு மூலையும் காலி. பத்து சதவீதம் போலப் பெரிதாக வைக்க வேண்டும். இடமும் முக்கியம். க், ன், ம் ஆகியவற்றுக்கு எழுத்தின் நடுவுக்கு மேலே வைத்தால் சரியாகிவிடும். ட்-டுக்கு அதே கணக்கில் வைத்தால் கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில் புள்ளி அந்தரத்தில் நிற்கும். நிற்கிற கோட்டின் பக்கமாகச் சற்றே தள்ளினால்தான் அது ட-வுக்குச் சொந்தமானதாகத் தெரியும். 'பட்டம்', 'கட்டு' போன்ற சொற்களில் ட-வின் வலது மேல்புறத்தில் விழும் பெரிய பள்ளத்தை இந்தப் புள்ளி ஓரளவு நிரப்பவும் செய்கிறது.

உகர ஊகாரங்களில் குறுக்குவழி கிடையாது. பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக 36 உருவம், தனித்தனியாக வரைந்தே ஆக வேண்டும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு ஜாதி. ஙு, சு, பு, யு, வு இன்னொரு ஜாதி. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. இவற்றோடு டி, டீ. ஜ, ஷ, ஸ, ஹ மட்டும் உகரக் குறியைத் தனியாக வைத்துக்கொள்கின்றன, அதனால் பிழைத்தோம். ஸ்ரீ-க்கு இரண்டு விதமான யூனிகோடு வரிசை புழக்கத்தில் இருப்பதால் (ஸ-வில் தொடங்குவது ஒன்று, ஶ-வில் தொடங்குவது ஒன்று) இரண்டுக்கும் ஒரே உருவம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கோயில் அழைப்பிதழில் ஸ்ரீ உடைந்து வந்தால் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

திரையில்

மிக அதிகமாக நடக்கும் கோளாறு பொய்த் தடிப்பு. பழைய பாலூ தம்பியில் இருக்கும் ஒரே வெயிட், கண்ணுக்கு எவ்வளவு குண்டாக இருந்தாலும், கணினியின் கணக்கில் 400, அதாவது ரெகுலர். இணையப் பக்கத்தின் தலைப்புக் குறிகள் இயல்பிலேயே போல்ட் கேட்பவை. போல்ட் இல்லாததால் உலாவி தானே எழுத்தின் ஓரங்களைப் பருக்க வைத்துவிடும். ஏற்கெனவே குண்டு, அதன்மேல் இன்னொரு பூச்சு. ண, ஞ எல்லாம் கறுப்புக் கட்டி. வேர்டில் 'பி' பொத்தானை அழுத்தினாலும் இதே கதை. தீர்வு எளிது: 2-ஆம் பதிப்புக்கு மாறுவது, வேண்டிய வெயிட்டைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பது. இணையப் பக்கமென்றால் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிப்புகளில்) ஃபாண்ட்-சிந்தஸிஸ் என்ற பண்பை நன் (font-synthesis: none) என்று வைத்துவிட்டால் உலாவி கைவைக்காது.

அளவுக்கும் கணக்கு உண்டு. உள்வெள்ளை 75 அலகு என்றால் 24 பிக்சல் எழுத்தில் அதன் அகலம் 1.8 பிக்சல். 16 பிக்சலில் 1.2. அந்த இடத்தில் திரை காட்டுவது வெள்ளையை அல்ல, ஒரு சாம்பல் கறையை. ஆகவே எக்ஸ்ட்ராபோல்டை 30 பிக்சலுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். 20-க்கும் 30-க்கும் நடுவே செமிபோல்ட் போதும். அதற்குக் கீழே வேறு எழுத்துருவுக்கு மாறிவிடலாம். பத்தி பத்தியாக பாலூ தம்பியில் அடித்துக் கொட்டிய இணையதளங்களைப் பார்த்தால் ரெகுலரில்கூடக் கண் அயர்கிறது. உடல் எழுத்துக்கு அதே ஏக் டைப்பின் முக்த மலர் நன்றாகப் பொருந்தும். நோட்டோ சான்ஸ் தமிழும் பரவாயில்லை. தலைப்பு துள்ளும்போது கீழே இருப்பது அடக்கமாக இருக்க வேண்டும். இரண்டு கோமாளி ஒரே மேடையில் வேண்டாம்.

யூடியூப் தம்ப்நெயிலை 1280-க்கு 720-ல் செய்கிறோம். கைப்பேசிப் பட்டியலில் அது கால்வாசி அகலத்துக்குச் சுருங்கிவிடுவது சகஜம். சுருங்கிய பிறகும் 30 பிக்சல் மிஞ்ச வேண்டுமென்றால் மூலக்கோப்பில் 120-க்குக் குறையக் கூடாது. 120-ல் தமிழ்ச் சொல் இரண்டு, மிஞ்சினால் மூன்று, ஒரு வரியில் அடங்கும். 'தெரிந்துகொள்ளுங்கள்' மாதிரி ஒரு சொல்லே வரியைத் தின்றுவிடும். அதற்கு எழுத்தைச் சுருக்குவதைவிட 'தெரியுமா?' என்று சொல்லையே மாற்றுவது மேல்.

பாலூ தம்பியின் இயல்பான வரி உயரம் தாராளமானது. மேல்விலங்குக்கும் (கி, கீ-யில் தலைக்கு மேல் வளையும் குறி) கீழே இறங்கும் வால்களுக்கும் இடம் வேண்டுமல்லவா? அதனால் ஒரு பொத்தானுக்குள் வைத்தால் மேலும் கீழும் வெற்றிடம் கொட்டிக் கிடக்கும், எழுத்தும் சரியாக நடுவில் நிற்பதாகத் தெரியாது. வரி உயரத்தை 1.2 என்று கையால் கொடுத்துவிட்டு மேல் கீழ் இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வதே வழி. ஒரு வரிப் பொத்தானுக்கு 1.2 சரி. இரண்டு வரித் தலைப்புக்கு அப்படியே போடக் கூடாது.

எழுத்திடைவெளியை அகட்டும் ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். குண்டு எழுத்தில் உள்வெள்ளை சின்னது. எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெள்ளையும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தால்தான் சொல் ஒன்றாக நிற்கும். அகட்டினால் சொல் உதிரும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எழுத்திடைவெளி பூஜ்யமாக இல்லாதபோது விருப்பக் கூட்டெழுத்துகளை (கட்டாயமில்லாமல், அழகுக்காகச் சேரும் உருவங்களை) உலாவி நிறுத்திவிடும். ஒழுங்காகச் செய்த எழுத்துருவில் கு, டு போன்றவை கட்டாய விதிகளில் எழுதப்பட்டிருக்கும், பாதிப்பில்லை. அவசரத்தில் செய்த சிலவற்றில் அவற்றையும் விருப்பப் பட்டியலில் போட்டிருப்பார்கள். இடைவெளியைத் தொட்ட மாத்திரத்தில் 'கு' உடைந்து க-வும் ஒரு கொக்கியும் தனித்தனியாக நிற்கும்.

போஸ்டரில்: ஒரு தலைப்பை எடுத்துப் பார்ப்போம்

'குழந்தைகளுக்கான ஓவியப் போட்டி.' இரண்டு வரியாக உடைத்தால் மேலே 'குழந்தைகளுக்கான', கீழே 'ஓவியப் போட்டி'. மேல்வரியில் கீழே இறங்குபவற்றை எண்ணுங்கள்: கு, ழ, ந், தை, ளு, மறுபடி கு. கீழ்வரியில் மேலே ஏறுபவை: வி, ப், ட், டி. எக்ஸ்ட்ராபோல்டில் ஒவ்வொரு வாலும் ஒவ்வொரு விலங்கும் கனமானவை. வரிகளை நெருக்கினால் ழ-வின் வால் வி-யின் விலங்கில் போய் முட்டும். அகட்டினால் இரண்டு வரியும் இரண்டு தனித் தலைப்பாகப் பிரிந்துவிடும். இங்கே செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, கீழ்வரியைப் பக்கவாட்டில் நகர்த்தி, வால் இறங்கும் இடத்துக்கு நேர்கீழே ஓ, ய, போ போன்ற மொட்டைத் தலை எழுத்துகள் வருமாறு அமைப்பது. நடுச்சீர் என்ற பிடிவாதத்தை விட்டால் இது பெரும்பாலும் முடிகிற காரியம். இரண்டு, கீழ்வரியை 15 சதவீதம் சிறிதாக்கி, விலங்குகளின் உயரத்தைக் குறைப்பது. மூன்று, சொல்லையே மாற்றுவது: 'சிறுவர் ஓவியப் போட்டி' என்றால் மேல்வரியில் இறங்குபவை று, ர் இரண்டுதான். எனக்குப் பிடித்தது மூன்றாவது. விழாக் குழு சம்மதிக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

அடுத்தது ஓரக்கோடும் நிழலும். ஃபிளெக்ஸ் வேலையில் இவை இல்லாமல் யாருக்கும் மனம் ஆறுவதில்லை; மஞ்சள் எழுத்து, சிவப்பு ஓரம், அதன்மேல் வெள்ளை ஓரம், பின்னால் கறுப்பு நிழல். போடலாம், ஆனால் ஓரக்கோடு இயல்பாக எழுத்தின் விளிம்புக்கு இருபுறமும் பாதிப் பாதியாக விழும். உள்பாதி எழுத்தைத் தின்னும், உள்வெள்ளைப் பக்கம் விழும் பாதி அதை அடைக்கும். எழுத்தைப் பிரதியெடுத்து, கீழே உள்ள பிரதிக்கு மட்டும் ஓரக்கோடு கொடுத்து, மேலே சுத்தமான எழுத்தை வைப்பதே பாதுகாப்பு. அப்படிச் செய்தாலும் ஓரம் உள்வெள்ளைக்குள் இருபுறமிருந்தும் வழியத்தான் செய்யும். எழுத்துக்கு வெளியே தெரியும் ஓரத்தின் அகலம் உள்வெள்ளையில் பாதியை எட்டினால் முழுதும் அடைபட்டுவிடும், அதுவும் ஓரத்தின் வண்ணத்தில். சில சமயம் அதுவே வேண்டியதாகவும் இருக்கும்: மஞ்சள் எழுத்துக்குள் சிவப்புச் சுழி தெளிவாகவே தெரியும். மஞ்சளுக்கு ஆரஞ்சு ஓரம் வைத்தால்தான் நாசம். நிழலுக்கும் அதே அளவுகோல். 200 பிக்சல் எழுத்தில் 75 அலகு என்பது 15 பிக்சல். நிழலை 8, 10 பிக்சலுக்கு மேல் தள்ளினால் சுழிகள் நிழலால் நிரம்பும். மங்கலான நிழலைவிட வெட்டினாற்போன்ற கெட்டி நிழல் குண்டு எழுத்துக்குப் பொருந்தும்.

வேரியபிள் ஃபாண்டில் (எல்லா வெயிட்டும் ஒரே கோப்பில் இருப்பது) ஓரக்கோடு போடும்போது எழுத்துக்குள்ளேயே கோடுகள் குறுக்கும் நெடுக்கும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதில் எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. கூகுள் ஃபாண்ட்ஸ் தரும் ஜிப்பில் ஸ்டாட்டிக் என்றொரு தனி அடைவு இருக்கும். அதிலுள்ள கோப்புகளை நிறுவுங்கள், அல்லது கோடுகளாக மாற்றியபின் யுனைட் செய்து பாகங்களை ஒன்றாக்கிவிடுங்கள்.

இடம் போதவில்லை என்றால் எழுத்தைப் பக்கவாட்டில் 70 சதவீதத்துக்கு நசுக்குவது பழைய வியாதி. நிற்கிற கோடுகள் இளைக்கும், படுத்த கோடுகள் அப்படியே தடித்து நிற்கும், ண-வின் 80 அலகு வெள்ளை 56 ஆகிவிடும். நசுக்குவதற்குப் பதில் ஒரு வெயிட் கீழே இறங்கினால் அகலமும் குறையும், எழுத்தும் எழுத்தாக இருக்கும்.

துள்ளல் வேண்டுமென்று எழுத்துகளை ஏற்றி இறக்கிச் சாய்த்து வைப்பதும் உண்டு. தமிழில் இதைச் செய்யும்போது எழுத்து என்பது ஒரு முழுக் கொத்து. கொ என்றால் கொம்பு, க, கால் மூன்றும் சேர்ந்தே சாய வேண்டும். க்-கின் புள்ளி க-வோடு போக வேண்டும். கோடுகளாக மாற்றி, ஒவ்வொரு கொத்தையும் குரூப் செய்து, பிறகு அசையுங்கள். சாய்வு 5, 6 பாகைக்குள், ஏற்ற இறக்கம் கோட்டுத் தடிமனில் பாதிக்குள் இருந்தால் போதும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி வைத்தால் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். இரண்டெழுத்து சும்மா நிற்க, மூன்றாவது மட்டும் கொஞ்சம் துள்ளினால் கண்ணுக்கு இதம்.

மென்பொருளும் ஃபிளெக்ஸ் கடையும்

இன்டிசைனிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ தமிழ் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்று, புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு வந்தால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். இன்டிசைனில் பத்திப் பலகத்தில் வேர்ல்ட்-ரெடி பாரகிராஃப் கம்போசர் தேர்ந்திருக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் ப்ரெஃபரன்ஸஸில் டைப் பிரிவுக்குப் போய் இண்டிக் ஆப்ஷன்ஸைக் காட்டச் சொல்லிவிட்டு, பிறகு பத்திப் பலகத்தில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசருக்கு மாற வேண்டும். ஏற்கெனவே அடித்த பத்திக்குத் தானாக மாறாது, அதைத் தேர்ந்தெடுத்துத்தான் மாற்ற வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைமென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை, தமிழ் நேராக வந்துவிடும்.

ஃபிளெக்ஸ் கடைக் கணினிகளில் பல இடங்களில் பழைய கோரல்டிராவும் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களும்தான். அங்கே பாலூ தம்பியைக் கொடுத்தால் எழுத்து உடையும், அவர்கள் உடனே தங்களிடம் உள்ள ஏதோ ஒரு குண்டு எழுத்தில் திரும்ப அடித்துவிடுவார்கள், பிழைகளோடு. தலைப்பை இங்க்ஸ்கேப்பில் அடித்து, ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்தை வளைகோடுகளாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொண்டுபோனால் எழுத்துருவே தேவையில்லை. திருத்த முடிகிற மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வளைகோடாக மாறிய பிறகு தேதி தவறென்று தெரிந்தால் முதலிலிருந்துதான்.

பலகைக்கு எழுத்தின் உயரம் எவ்வளவு? பலகைத் தொழிலில் பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. அது ஆங்கிலப் பெரிய எழுத்தை மனதில் வைத்தது. தமிழ் எக்ஸ்ட்ராபோல்டுக்கு அதில் பாதி கூட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் விலங்கும் வாலும் தவிர்த்த உடல் உயரத்துக்கு. சாலைக்கு எதிர்ப்புறம் 60 அடியிலிருந்து படிக்க வேண்டுமென்றால் 9 அங்குலம்.

ஸ்டிக்கர் கட்டிங்குக்கு உருட்டிய முனைகள் தோதானவை. கத்தி வளைவில் சுலபமாகத் திரும்பும், கூர் மூலை போல வினைல் ஓரம் சீக்கிரம் பெயர்ந்து வராது. சிக்கல் மறுபடி உள்வெள்ளையில். வெட்டியபின் அந்தச் சின்னத் துண்டுகளை ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். உடல் உயரம் 600 அலகு என்று கொண்டால், அரை அங்குல எழுத்தில் 75 அலகு வெள்ளை 1.6 மில்லிமீட்டர்தான். ஒன்றிரண்டு சொல் என்றால் பொறுமையாக எடுக்கலாம். வண்டிக் கதவு முழுக்க விலாசம் என்றால் கடைக்காரர் எடுக்காமலே ஒட்டிவிடுவார். விலாசத்துக்கு மீடியம் போதும்.

அச்சில் மை பரவும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தென்றால் மை உள்வெள்ளைக்குள் பரவி அதைக் குறுக்கும். சாணித்தாள் நோட்டீஸில் இது அதிகம், ஆகவே போல்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தென்றால் நேர் எதிர்: மை எழுத்துக்குள் பரவி அதை இளைக்க வைக்கும், மெல்லிய எழுத்து காணாமல் போகும், குண்டு எழுத்து தாங்கும். எக்ஸ்ட்ராபோல்டுக்கு ஏற்ற இடம் அதுதான். பின்னால் விளக்கெரியும் பெட்டிப் பலகையில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வெள்ளை எழுத்தின் ஒளி வழிந்து, சுழிக்குள் இருக்கும் இருட்டை விழுங்கிவிடும். பகலில் அட்டகாசமாக இருக்கிற பலகை இரவில் வெள்ளைக் கட்டிகளாகத் தெரிவது இதனால்தான். ஒரு வெயிட் குறைத்து, செமிபோல்டில் ஒரு மாதிரி அச்சடித்து, இருட்டியபின் விளக்கைப் போட்டு எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.